தொண்ணூற்றாறு வீட்டுக்கு ஒரு குசினி

பீப்பாய் ஒழுங்கைக்கு முதலில் வந்தது பலகை. வேறு தேசத்தார் வீடு கட்டும்போது அத்திவாரத்தில் தொடங்குவார்களாம். நமது நாட்டில் பலகையில் தொடங்கிப் பலகையோடு முடித்துவிடும் வழக்கமும் உண்டு. ஆகையால் கொட்டாஞ்சேனைச் சனங்கள் அதைப் பார்த்துப் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. ‘ஜயமந்திர: படைவீரர் வீடமைப்புக்கான அரச தனியார் பங்காளித் திட்டம்’ என்று மூன்று மொழியிலும் எழுதியிருந்தது. ஒழுங்கையில் இருந்த எந்த வீட்டையும்விடப் பலகை உயரம். அதன் நிழல் பதினேழாம் இலக்க முற்றத்தில் விழுந்ததால் கொன்ஸ்ரன்ஸின் செத்தல் மிளகாய் இரண்டு நாள் காயாமல் கிடந்தது.

கொன்ஸ்ரன்ஸின் புருஷன் சிறில் துறைமுகத்தில் முப்பத்துநான்கு வருடம் டாலி கிளாக்காக இருந்து இளைப்பாறியவர். கப்பலில் இருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணி, கொப்பியில் கோடு போட்டு, அடியில் கையெழுத்து வைப்பதுதான் அந்த உத்தியோகம். எழுதிக் கையெழுத்து வைத்தது உலகத்தில் உண்டு, வைக்காதது இல்லை என்பது அவருடைய வேதாந்தம். கொன்ஸ்ரன்ஸுக்கு அப்படி வேதாந்தம் ஒன்றும் கிடையாது. அவள் நாளுக்கு நாற்பது சோத்துப் பார்சல் கட்டித் துறைமுகத் தொழிலாளருக்கு அனுப்புகிறவள். பொருட்கள் விலையேறிய இந்த நாலு வருடத்தில் இருவரையும் காப்பாற்றியது சிறிலின் பென்சன் அல்ல, அவள் சமைக்கும் அந்தக் குசினிதான்.

பலகையில் இருந்த திட்டத்தை விளங்கிக்கொள்ளப் படிப்பு வேண்டியதில்லை. பக்கத்து வளவில் இருந்த பழைய ஸ்ரோர்ஸ் காணியை அரசாங்கம் கொடுக்கும். ‘ஷீல்ட் அண்ட் நெஸ்ட் ஹோல்டிங்ஸ்’ என்ற கம்பனி முதல் போடும். கடலைப் பார்த்தபடி முன்கோபுரம், அது விற்பனைக்கு. முன்கோபுரத்தின் முதுகைப் பார்த்தபடி பின்கோபுரம். அதிலே தொண்ணூற்றாறு வீடு, படைவீரருக்கு இலவசம். பின்கோபுரம் பூர்த்தியாகும்வரை முன்கோபுரத்தில் ஒரு கதவைக்கூட விற்கக்கூடாது என்று ஒப்பந்தத்தில் யாரோ ஒரு புண்ணியவான் ஒரு வரி எழுதிவைத்துவிட்டான். இரண்டரை வருடத்தில் முன்கோபுரம் இருபத்திரண்டு மாடிக் கண்ணாடியோடு நின்றது. பின்கோபுரம் இருபத்துநாலு தூணோடு நின்றது. ஆண்டிகள் கூடி மடம் கட்டிய கதையில் ஆண்டிகளாவது விடிந்ததும் எழும்பிப் போய்விடுவார்கள். இங்கே ஒருவரும் போகவும் இல்லை, கட்டவும் இல்லை. தூண்களின் மேல் காகங்கள் குடியேறின.

இதற்கு ஒரு வழி காண மாதா கோயில் மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். ஒழுங்கைச் சனங்களும் பங்காளிகள்தான் என்று சொல்லி, ஆளுக்கொரு மீன் அடைத்த மாலு பணிஸும் பிளேன்ரீயும் கொடுத்தார்கள். திட்டத்தின் மேற்பார்வைச் சபைக்குத் தலைவர் இளைப்பாறிய பிரிகேடியர் ஒருவர். அவர் சிங்களத்தில் பேச, கம்பனியின் சமூகத் தொடர்பு உத்தியோகத்தர் ரூபிகா வரிக்கு வரி தமிழில் சொன்னாள்.

“பங்காளித்துவம் என்றால் என்ன? எல்லோரும் ஏதாவது போடவேண்டும். அரசாங்கம் காணியைப் போட்டது. கம்பனி மூலதனத்தைப் போட்டது. படைவீரர் பொறுமையைப் போட்டார்கள். பொறுமை எங்களிடம் தாராளமாக உண்டு. அது தீர்ந்துபோனதாக இதுவரை ஓர் அறிக்கையும் வரவில்லை.”

கைதட்டினார்கள். பிரிகேடியர் தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தார்.

“இப்போது ஓர் இஞ்சினியர் கேட்கிறார், தளம் எங்கே, சுவர் எங்கே என்று. இது வெள்ளைக்காரனுடைய கேள்வி. நமது பண்பாட்டில் வீடு பூர்த்தியாவது சீமெந்தினாலா? புதுச் சட்டியில் பால் பொங்கினால் அது வீடு. பொங்காவிட்டால் அரண்மனையும் வெறும் கட்டடம். ஆகவே சபை தீர்மானித்திருக்கிறது. வீட்டுக்கு ஒரு பால் பொங்கிய படம், ஒரு சாட்சிக் கையெழுத்து. பூர்த்திச் சான்றிதழ் அன்றைக்கே.”

அந்த இஞ்சினியர் அடுத்த கிழமை அநுராதபுரத்துக்கு மாற்றலாகிப் போனார். அங்கே இடிபாடுகள் நிறைய உண்டு, தளம் எங்கே சுவர் எங்கே என்று ஆசை தீரக் கேட்கலாம் என்று சபையில் சொல்லிச் சிரித்தார்களாம்.

கூட்டம் முடிந்த மூன்றாம் நாள் ரூபிகா கையில் ஒரு கேக் பெட்டியோடு பதினேழாம் இலக்கத்துக்கு வந்தாள்.

“அங்கிள், ஒரு சின்ன உதவி. பின்கோபுரத்தில சட்டி வைக்க இடமில்லை. வெறும் தூண்தானே. கடல் காத்து வேற, நெருப்பு நிக்குதில்லை. உங்கட குசினிதான் கிட்ட.”

“தூணுக்கு மேல குந்தியிருக்கிற காகங்களிட்டக் கேட்டுப் பாத்தீங்களோ?” என்றாள் கொன்ஸ்ரன்ஸ்.

“அன்ரி, பால் பொங்குறது நல்ல காரியம்தானே. ஆமிக்காரரும் பிள்ளைகுட்டிக்காரர்.”

பால் பொங்க அடுப்புக் கேட்டு வந்தவரைக் கொட்டாஞ்சேனையில் ஒருவரும் திருப்பி அனுப்புவதில்லை. வேதக்காரரானாலும் சைவக்காரரானாலும் சிங்களவரானாலும் அது பழி என்று நினைக்கிறவர்கள். கொன்ஸ்ரன்ஸ் அடுப்பில் இருந்த சோத்துப் பானையை இறக்கி வைத்தாள். ரூபிகா ஒரு படிவத்தை எடுத்து விரித்தாள். அதில் சிறிலின் பெயருக்கு நேரே ‘இடப் பங்காளர் மற்றும் சாட்சி’ என்று இருந்தது. இளைப்பாறிய ஆறு வருடமாக ஒரு மனிதரும் கையெழுத்துக் கேட்டு வராத சிறிலுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

படிவத்தின் ‘பால் பொங்கிய இடம்’ என்ற கூட்டுக்குள் ரூபிகா ‘இல. 17, பீப்பாய் ஒழுங்கை’ என்று எழுதினாள்.

“எங்கட நம்பர் என்னத்துக்கு?” என்று கேட்டாள் கொன்ஸ்ரன்ஸ்.

“பொய் எழுதேலாது அன்ரி. பிறகு கணக்குப் பாக்க ஓடிற் வரும்.”

அந்தப் படிவம் முழுவதிலும் உண்மையான தகவல் அது ஒன்றுதான். அதுதான் பிறகு எமனாக வந்தது.

நாளுக்கு எட்டுக் குடும்பம், பன்னிரண்டு நாள் என்று கணக்கு. முதல் நாள் ஒழுங்கை முகப்பில் இராணுவ வாத்தியம். எட்டடிக்கு ஏழடிக் குசினிக்குள் பிக்கு, குருக்கள், மௌலவி, பாதர் நால்வரும் நெருங்கி நின்று ஆசீர்வதித்தார்கள். உள்ளே இடமில்லாததால் பிரிகேடியர் யன்னலுக்கு வெளியே நின்று தலையை மட்டும் நீட்டினார். படத்தில் அவர் மசாலா டப்பாக்களில் ஒன்றுபோல் விழுந்திருக்கிறார். பால் கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தது. ‘வழிந்த திசை’ என்றொரு கூடும் படிவத்தில் இருந்தது. ரூபிகா திசைகாட்டி பார்த்து நிரப்பினாள்.

தொண்ணூற்றாறு புதுச் சட்டிக்கு ஒரு தனியார் பங்காளியை அமர்த்தியிருந்தார்கள். அவர் ஒரு சட்டி அனுப்பி, மிச்சத்தை அடுத்த கட்டத்தில் தருவதாகக் கடிதமும் வைத்திருந்தார். ஒவ்வொரு குடும்பமும் போனபிறகு சட்டியைக் கழுவி, வெளிப்புறக் கரியும் பொட்டும் அழித்து, மறுபடி புதிதாக்கினார்கள். பசும்பால் மூன்று குடும்பத்தோடு தீர்ந்தது. பிறகு பால்மா. பிறகு அதே பாலில் தண்ணீர். இரண்டாம் நாள் பின்னேரம் ஒரு சார்ஜன்ற் குடும்பம் கைகூப்பிக்கொண்டு முக்கால் மணித்தியாலம் நின்றும் சட்டியில் பால் அசையவில்லை. படம் பிடிக்க வந்த ரொனி பாத்திரம் கழுவும் இடத்தைத் துழாவி, உடுப்புத் தோய்க்கும் சோப்புத்தூளில் ஒரு சிட்டிகை எடுத்துப் போட்டான்.

“நுரைதானே மிஸ் வேணும்” என்றான்.

நுரை எழும்பியது. சார்ஜன்றின் மனைவி கண்ணீர் விட்டாள். அன்றுமுதல் எல்லார் வீட்டிலும் பால் நாலு திசைக்கும் சமமாகப் பொங்கியது.

சிறில் வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்து, பழைய வழக்கப்படி நாலு கோடு கீறி ஐந்தாவதைக் குறுக்கே வெட்டி, குடும்பங்களை எண்ணினார். தொண்ணூற்றாறு படிவத்திலும் மசி கலங்காத கையெழுத்து. பன்னிரண்டு நாளும் கொன்ஸ்ரன்ஸால் ஒரு பிடி அரிசி போட முடியவில்லை. தொழிலாளர் வேறு கடை பார்த்துக்கொண்டார்கள்.

“என்னப்பா, விடிஞ்சாப் பொழுதுபட்டாச் சோப்பு நுரைக்குக் கையெழுத்து வைக்கிறீங்களே, உங்களுக்கு ஒண்டும் தோணேல்லையோ?” என்றாள்.

“நான் எண்ணுறது மூட்டையை, கொன்ஸி. மூட்டைக்குள்ள என்ன எண்டு பாக்கிறது கஸ்டம்ஸ்காரன்ர வேலை” என்றார் சிறில்.

ஒன்பதாம் நாள் கோப்ரல் விமலசூரிய வந்தார். ஒரு கால் முழங்காலுக்குக் கீழே பொய்க்கால். மனைவி, ஏழு வயது மகள். கொலன்னாவையில் எண்ணெய்த் தாங்கிகளுக்குப் பின்னால் வாடகை அனெக்ஸ் ஒன்றில் பதினாலு வருடமாக ஒரு வீட்டுக்குக் காத்திருக்கிறவர். தொண்ணூற்றாறு பேரில் அவர் ஒருவர்தான் தன் வீட்டைப் பார்க்கலாமா என்று கேட்டார்.

ரூபிகா அவரை முற்றத்துக்குக் கூட்டிவந்து வானத்தைக் காட்டினாள். “எட்டாம் மாடி, ஐந்தாம் இலக்கம். அந்தக் காகம் பறக்குதே, அந்த உயரம்.”

விமலசூரிய கொஞ்ச நேரம் நிமிர்ந்து பார்த்தார். “காற்றோட்டம் நல்லாத்தான் இருக்கும்” என்றார்.

மாத முடிவுக்குள் தொண்ணூற்றாறு பூர்த்திச் சான்றிதழும் கிடைத்தன. முன்கோபுரத்தில் வாணவேடிக்கையோடு விற்பனை தொடங்கியது. படைவீரர் ஒவ்வொருவருக்கும் வாழ்த்துக் கடிதம் போயிற்று. பால் பொங்கிய தினம் தொட்டு அவர்கள் சொந்த வீட்டுக்காரர் என்பதால் இதுவரை மாதாமாதம் கொடுத்துவந்த வாடகைப் படி நிறுத்தப்படுகிறது என்று கடைசிப் பந்தியில் இருந்தது. பிறகு பதினேழாம் இலக்கத்துக்கும் ஒரு பதிவுத் தபால் வந்தது. ‘மேற்படி இல. 17இல் அமைந்துள்ள தொண்ணூற்றாறு படைவீரர் இல்லங்களில் தாங்கள் அனுமதியின்றிக் குடியிருப்பது அவதானிக்கப்பட்டுள்ளது. முப்பது நாட்களுக்குள் வெளியேறவும்.’

சிறில் வீட்டு உறுதிப் பத்திரத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சபை அலுவலகத்துக்குப் போனார். சட்ட அலுவலர் கிருபாகரன் வெள்ளவத்தைக்காரர். மிகவும் மரியாதையான மனிதர். எழும்பி நின்று கதிரையைக் காட்டினார்.

“உங்கட உறுதி அசல்தான் ஐயா. அதில எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனா அது ஒண்டு. எங்களிட்ட இருக்கிறது தொண்ணூற்றாறு. எல்லாத்திலயும் விலாசம் பதினேழு. பாருங்கோ, சாட்சிக் கையெழுத்து ஆருடையது?”

சிறில் பார்த்தார். அழகான கையெழுத்து.

“அது குசினியைக் கொஞ்ச நேரம் குடுத்தது, தம்பி. வீட்டைக் குடுக்கேல்லை.”

“குசினி இல்லாம வீடு உண்டோ ஐயா? சரி, இப்பிடிச் செய்வம். நீங்கள் குடிவந்த நேரம் பால் பொங்கின படம் ஒண்டு இருந்தாத் தாங்கோ. தொண்ணூற்றேழாவதாக் கோப்பில போட்டு விடுறன்.”

சிறில் கதிரையின் நுனிக்கு நகர்ந்தார். “நாங்கள் குடிவந்தது எண்பத்திமூண்டு ஓகஸ்ற்றில. கலியாணம் முடிச்சு நாலு மாசம். ஆடிக் கலவரத்துக்குப் பிறகு முகாமில இருந்து வீட்டுக்கு வரேக்க கூரை இல்லை, யன்னல் இல்லை, சுவர் முழுக்கக் கரி. பச்சைத் தண்ணி கொதிக்க வைச்சுத்தான் குடிச்சனாங்கள். அந்த நேரம் ஆர் எங்களுக்குப் படம் எடுத்தது?”

கிருபாகரன் கண்ணாடியைக் கழற்றினார். “நானும் தமிழன்தான் ஐயா. எங்கட வீடும் எரிஞ்சது. உங்கட கவலை எனக்கு நல்லா விளங்குது. விளங்குறதுக்காகத்தான் என்னை இந்தக் கதிரையில வைச்சிருக்கினம். தீர்க்கிறது வேற பிரிவு.”

“அது எத்தினையாம் மாடி?”

“இன்னும் திறக்கேல்லை ஐயா.”

ஓணானுக்கு வேலி சாட்சி, வேலிக்கு ஓணான் சாட்சி. இங்கே இரண்டுக்கும் சிறிலே சாட்சி. அவர் உறுதியை மடித்துக்கொண்டு இறங்கி வந்தார். வீட்டுக்கு வந்து கொன்ஸ்ரன்ஸிடம் நடந்ததைச் சொல்லும்போது வாழ்க்கையில் முதல் தடவையாக அவருக்கு அவளுடைய முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

அடுத்த திங்கட்கிழமை வாசலில் ஒரு த்ரீவீல் வந்து நின்றது. ஒரு ட்ரங்குப் பெட்டி, சுருட்டிய பாய், மனைவி, மகள் எல்லாரையும் இறக்கிவிட்டு விமலசூரிய நொண்டிக்கொண்டு வந்தார். வாடகைப் படி நின்றதும் கொலன்னாவை வீட்டுக்காரர் வெளியேற்றிவிட்டார். கையிலிருந்த வாழ்த்துக் கடிதத்தில் வீட்டு விலாசமாக இல. 17 என்றுதான் போட்டிருந்தது. தொண்ணூறுகளில் இந்த வாசலில் பச்சை இராணுவ உடுப்பைக் கண்டால் சிறிலும் கொன்ஸ்ரன்ஸும் அடையாள அட்டையோடு ஓடிவந்து நிற்பார்கள். இன்றைக்கு விமலசூரியதான் தன் அடையாள அட்டையை எடுத்து அவர்களிடம் நீட்டினார்.

கொன்ஸ்ரன்ஸ் கத்தினாள். துறைமுகத்தில் பழகிய சிங்களம் முழுவதையும் கொட்டிக் கத்தினாள். நாலாவது நிமிடம் பிள்ளையின் உதடு காய்ந்திருப்பதைக் கண்டாள். “சாப்பிட்டீங்களோ?” என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

மூன்று கிழமை அவர்கள் விறாந்தையில் இருந்தார்கள். விமலசூரிய தேங்காய் துருவினார். அவர் மனைவி பார்சல் கட்டினாள். முப்பது பார்சல்வரை மறுபடி ஓடத் தொடங்கியது. இரண்டு குடும்பமுமாக அலுவலகத்துக்குப் போய் உண்மையைச் சொல்வோம் என்று சிறில் நம்பிக்கொண்டிருந்தார். இரண்டு பக்கமும் ஒரே கதையைச் சொன்னால் யார் மறுக்க முடியும் என்பது அவருடைய நினைப்பு.

ஆனால் சபை விமலசூரியவை மட்டும் தனியாக அழைத்தது. திரும்பி வந்தவர் குசினி மேசையில் ஒரு கடதாசியை வைத்தார். எட்டாம் மாடி ஐந்தாம் இலக்க வீடாகிய பதினேழாம் இலக்கத்தில் தான் குடியிருப்பதாகவும், அங்குள்ள மற்றவர்களுக்கு ஒரு பாத்தியமும் இல்லையென்றும் அவர் சத்தியம் செய்யவேண்டும். செய்தால் வீடும், நிறுத்திய படியும். வெள்ளிக்கிழமைக்குள் செய்யாவிட்டால் பங்காளித்துவத்தை நிராகரித்தவர் என்று பெயர் வெட்டப்படும். பிறகு சாகும்வரை வீடு கேட்க முடியாது.

“அங்கிள் வேண்டாம் என்று சொன்னால் கையெழுத்து வைக்கமாட்டேன்” என்றார் விமலசூரிய.

“வைக்காதேங்கோ” என்றார் சிறில். கடதாசியை அவர் பக்கம் தள்ளினார். “நான் வைச்ச தொண்ணூற்றாறும் போதும்.”

விமலசூரிய தலையாட்டினார். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த கொன்ஸ்ரன்ஸ் திரும்பாமலே சொன்னாள்: “அவர் வைக்காட்டி அடுத்தவன் வைப்பான். வரிசையில தொண்ணூற்றைஞ்சு பேர் நிக்கிறாங்கள். அந்தப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு இந்த மனுசன் எங்க போறது?”

வியாழன்வரை விமலசூரிய வைக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் பொய்க்காலைப் பூட்டிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் வெளியே போனார். திரும்பி வந்து முற்றத்திலேயே நின்றார். “பதினாலு வருசம், அங்கிள்” என்று மட்டும் சொன்னார். சிறிலுக்கு அவர்மேல் கோபம் வந்திருந்தால் எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். வரவில்லை.

கையளிப்பு விழாவுக்குப் பந்தல் போட்டார்கள். பொலிஸ் ஜீப் ஒன்றும் மரியாதைக்காக வந்து நின்றது. பிரிகேடியர் பேசினார்.

“இன்று ஒரு வீரனுக்கு வீடு கிடைக்கிறது. ஒரு செங்கல்லும் செலவாகவில்லை. பங்காளித்துவத்தில் இதைவிடச் சிக்கனம் உலகில் எங்காவது உண்டா? திரு. சிறில் அவர்களை நான் பாராட்டவேண்டும். பங்காளிகளில் அவர் கடைசியாகச் சேர்ந்தார். ஆனால் எங்கள் எல்லாரையும்விட அதிகமாகப் போட்டவர் அவர்தான்.”

சிறிலுக்குக் கண்ணாடிப் பெட்டியில் ஒரு நினைவுச் சின்னம் கொடுத்தார்கள். முன்கோபுரத்தின் சிறிய உருவம். பின்கோபுரம் அதில் இல்லை.

ஹெந்தளையில் இருந்த அவர்களுடைய மகள் சாமினி தன் வீட்டில் ஓர் அறை ஒதுக்கியிருந்தாள். கொன்ஸ்ரன்ஸ் இரண்டு பையைக் கட்டி வாசலில் வைத்துவிட்டு, திரும்பவும் குசினிக்குள் போனாள். விமலசூரியவின் மனைவி அடுப்பருகே தலைகுனிந்து நின்றாள். கொன்ஸ்ரன்ஸ் அவளுடைய கையைப் பிடித்து அடுப்பின் திருகில் வைத்தாள்.

“இடப்பக்கத்து அடுப்பு கொஞ்சம் கூட எரியும், பிள்ளை. பத்தவைக்கேக்க முகத்தைக் குனியாதை.”

அதற்குப்பிறகு அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

இருவரும் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் எடுக்க நடந்தார்கள். ஒழுங்கையின் முகப்பில் ஒரு லொறி திரும்ப முடியாமல் நின்றது. மெத்தை, மேசை விசிறி, பிளாஸ்ரிக் கதிரைகள். அதன் பின்னால் இன்னொரு லொறி. முதல் லொறியில் இருந்து இறங்கிய ஒருவர், தலைமயிர் ஒட்ட வெட்டிய இளந்தாரி, கையில் அதே வாழ்த்துக் கடிதத்தோடு சிறிலிடம் வந்தார். மனைவி கைக்குழந்தையோடு முன் ஆசனத்தில் இருந்தாள்.

“மாத்தயா, பதினேழாம் இலக்கம் எது?” என்று சிங்களத்தில் கேட்டார்.

சிறில் பையைக் கீழே வைத்தார். திரும்பி, கையை நீட்டி, தன் வீட்டைக் காட்டினார்.

“அந்தப் பச்சைக் கதவு. தட்டிப்போட்டுப் போங்கோ, உள்ளுக்கு ஆக்கள் இருக்கினம்.”